உப்பில்லாத துறைமுகம்

துறைமுகம் எனக்கு முதலில் மூக்கு வழியாகத்தான் அறிமுகமானது. தூத்துக்குடிக்காரனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கடல் எந்தப் பக்கம் என்று தெரியும். உப்பங்காற்று, கருவாடு, ஈரக்கயிறு, தோணிக்குப் பூசிய எண்ணெய் எல்லாம் கலந்து ஒரு வாடை. அப்பா துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டேலி கிளார்க். சாயங்காலம் வீடு திரும்பும்போது அவர் சட்டைக் காலரில் வெள்ளைக் கோடு ஓடியிருக்கும். அது வியர்வை உப்பா, கடல் உப்பா என்று துவைக்கிற அம்மாவுக்கே தெரியாது.

அந்த மூக்கை வைத்துக்கொண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், டுலூத் என்ற ஊரின் கரையில் நின்று மூச்சை இழுத்தேன். எதிரே கண்ணுக்கு எட்டியவரை தண்ணீர். அலை வந்து கருங்கல்லில் அறைகிறது. கடற்காக்கை கத்துகிறது. தூரத்தில் நங்கூரம் போட்டபடி ஒரு சரக்குக் கப்பல். கண்ணும் காதும் கடல் என்று சத்தியம் செய்தன, மூக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ன சித்தப்பா, சளி பிடிச்சிருச்சா?" என்றாள் அண்ணன் மகள்.

"இல்லம்மா, உப்பத் தேடுதேன்."

"இது ஏரி, சித்தப்பா. முதல்ல ஜாக்கெட்டப் போட்டுக்கிடுங்க."

அவள் மினியாபொலிஸில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர், காரில் இரண்டரை மணி நேரம். டெக்சாஸில் மெக்சிகோ எல்லையில் இருக்கும் லரேடோவில் தொடங்கி அமெரிக்காவை நெடுக்கே கிழித்து வரும் 35-ஆம் எண் நெடுஞ்சாலை இந்த ஊரில்தான் முடிகிறது. வழியெல்லாம் காடும் சதுப்பும் சமதரையுமாக வந்த சாலை, தாம்சன் மேட்டில் ஏறித் திரும்பியதும் சட்டென்று கீழே இறங்குகிறது. அந்த ஒரு வளைவில் மொத்த ஊரும் தெரிந்துவிடும். மலைச்சரிவில் அடுக்கிய வீடுகள், குட்டையாய்ப் பரந்த துறைமுகம், தானியக் கிடங்குகள், எல்லாவற்றுக்கும் நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு இரும்புப் பாலம், அதற்கு அப்பால் நீலம். செப்டம்பர் மாத நடுவில் போயிருந்தோம். மேட்டின் மேல் இதமான வெயில். கரைக்கு இறங்கியதும் ஸ்வெட்டர் கேட்கும் குளிர். ஏரி ஓரத்தில் எப்போதும் இப்படித்தானாம். வானிலை சொல்கிறவர்கள்கூட வெப்பநிலையைச் சொல்லிவிட்டு, கரையோரம் இதைவிடக் குளிர் என்று கூடவே சொல்வார்களாம்.

ஏரி என்று சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. நம்மூர்க் கணக்கில் ஏரி என்றால் மதகு இருக்கும், ஆயக்கட்டு இருக்கும், அக்கரையில் மேய்கிற மாடு தெரியும். சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீட்டர். பரப்பளவில் இலங்கைத் தீவு இதற்குள் அடங்கிவிடும், இன்னும் மிச்சம் இருக்கும். நீளம் 560 கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். நம் கடற்கரைக்காரர்கள் ஆழம் அளக்கும் பாகக் கணக்கில் சொன்னால் 220 பாகத்துக்கு மேல். பாக் நீரிணையில் பல இடங்களில் பத்துப் பாகம்கூடக் கிடையாது. பூமியின் மேற்பரப்பில் இருக்கும் நன்னீரில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரு ஏரியில் கிடக்கிறது. இன்று இதில் விழும் மழைத்துளி இங்கிருந்து வெளியேறச் சராசரியாக 191 ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த மண்ணின் பழங்குடிகளான ஒஜிப்வே மக்கள் இதை 'கிச்சிகாமி' என்கிறார்கள். பெருநீர் என்று பொருள். ஏரி, கடல் என்ற தகராறே இல்லாத சொல்.

ஊரின் பெயர் ஒரு பிரெஞ்சுக்காரருடையது. 1679-இல் இந்தப் பக்கம் வந்த டேனியல் கிரேசோலோன் என்பவருக்கு 'சியர் டு லூத்' என்று பட்டம். பட்டத்தின் வால் மட்டும் ஊருக்குத் தங்கிவிட்டது. இன்றைய மக்கள்தொகை 86,000-க்குச் சற்று மேல், நம்மூரில் ஒரு நடுத்தர நகராட்சி அளவு. ஆனால் எதிர்க்கரையில் விஸ்கான்சின் மாநிலத்தின் சுப்பீரியர் நகரத்தோடு சேர்ந்து இது நடத்தும் துறைமுகம், சரக்கு எடையில் அமெரிக்கப் பேரேரிகளிலேயே பெரியது. அட்லாண்டிக் கடலிலிருந்து இங்கே வர நீர்வழியில் 2,342 மைல். அதாவது 3,700 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குள் வந்து ஒரு துறைமுகம்.

*

ஊரின் வாசல்படி அந்த வெள்ளிப் பாலம்தான். துறைமுகத்துக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு நீண்ட மணல்திட்டு தடுப்புச் சுவர்போலக் கிடக்கிறது. மின்னசோட்டா பாயிண்ட் என்று பெயர், ஏறத்தாழ ஏழு மைல் நீளம். இயற்கையான வாய் எதிர்க்கரை நகரத்துப் பக்கம் இருந்தது. கப்பல் எல்லாம் அங்கே போனால் நம் கதி என்ன என்று டுலூத்காரர்கள் 1870-இல் மணல்திட்டைக் குறுக்கே வெட்ட ஆரம்பித்தார்கள். எதிர்க்கரைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். தடை உத்தரவு வந்து சேர்வதற்குள் ஊரே மண்வெட்டியும் கூடையுமாகத் திரண்டு இரவு பகலாக வெட்டி முடித்துவிட்டது என்று கதை. உண்மையில் பெரும்பகுதியை வெட்டியது நீராவியில் இயங்கிய தூர்வாரும் இயந்திரம், வேலை முடிந்தது 1871-இல். ஆனால் கதை சொல்கிறவர்கள் கையில் எப்போதும் மண்வெட்டிதான் இருக்கிறது. ஓர் ஊர் தன் பிறப்பைப் பற்றிச் சொல்லும் பொய்யில், அது தன்னை என்னவாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்ற உண்மை இருக்கும்.

கால்வாய் வெட்டியதும் மணல்திட்டில் குடியிருந்தவர்கள் தீவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். அதற்கு 1905-இல் கட்டியதுதான் இந்தப் பாலம். முதலில் இது தூக்குப் பாலம் இல்லை. உயரே குறுக்கே போன இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு பெரிய கூண்டு தொங்கும். பிரான்சின் ரூவான் நகரத்தில் இருந்ததைப் பார்த்துச் செய்த ஏற்பாடு. 350 பேரும் வண்டி வாகனங்களும் அந்தக் கூண்டில் ஏறினால் ஒரு நிமிடத்தில் அக்கரை. மோட்டார் கார்கள் பெருகியதும் கூண்டு போதவில்லை. 1929-30-இல் கூண்டைக் கழற்றிவிட்டு, நேராக மேலே ஏறும் சாலைத்தளத்தைப் பொருத்தினார்கள். ஏறத்தாழ 900 டன் எடை. இரு பக்கமும் அதற்கு ஈடான எதிர் எடைகள் தொங்குவதால் மோட்டாருக்குச் சிரமமில்லை. நம் கிணற்று ராட்டினத்தில் இரட்டை வாளி ஏறி இறங்கும் சூத்திரம்தான். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலமும் இதே வகை. பாம்பனில் தூக்கும் உயரம் 17 மீட்டர். இங்கே 41 மீட்டர்.

கரைச்சுவரில் ஒரு கூட்டம் கூடிக்கொண்டிருந்தது. எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வருகிறது என்பதை இந்த ஊர்க்காரர்கள் நாம் ரயில் நேரம் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். முதலில் அடிவானத்தில் ஒரு கோடு. பிறகு கறுப்பு முகம். மணி அடித்தது, சாலையில் கம்பம் இறங்கியது, கார்கள் நின்றன. ஒரு நிமிடத்துக்குள் சாலை அப்படியே ஆகாயத்துக்குப் போய்விட்டது.

கப்பல் கால்வாய்க்குள் நுழைந்தது. ஆயிரம் அடிக் கப்பல். 300 மீட்டருக்கு மேல் நீளம், 105 அடி அகலம். கால்வாயின் அகலமே 300 அடிதான். மூன்று கோபுரங்களைப் படுக்கவைத்து இழுத்துப்போனால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. சுவரில் சாய்ந்து நின்ற எனக்கும் அந்த இரும்புச் சுவருக்கும் நடுவே ஒரு தெரு அகலம். சத்தமே இல்லை. தண்ணீர் மட்டும் கல்லோரத்தில் முணுமுணுத்தது. மேலே ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒருவர் கைப்பிடியில் சாய்ந்து எங்களைப் பார்த்துக் கை அசைத்தார். தோள்மேல் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை இரண்டு கையையும் அசைத்தது. அப்போது கப்பல் ஊதியது. ஒரு நீளம், இரண்டு குறுக்கம். வயிற்றுக்குள் அதிர்ந்தது. பாலமும் தன் குரலில் அதையே திருப்பி ஊதியது. ஒரு நீளம், இரண்டு குறுக்கம். பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்ட பிள்ளைகள் மாதிரி கூட்டம் அமைதியாக நின்றது.

மணல்திட்டுக் குடியிருப்பில் இருக்கிறவர்கள் வேலைக்குத் தாமதமானால் 'பிரிட்ஜ்ட்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்களாம். நம்மூரில் "கேட்டப் போட்டுட்டான்" என்றால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை அல்லவா, அதே மாதிரி. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 தடவை இந்தப் பாலம் ஏறி இறங்குகிறது.

*

கப்பல் ஏற்ற வந்தது இரும்புத்தாது. டுலூத்துக்கு வடமேற்கே மெசாபி மலைத்தொடரில் மண்ணைக் கிளறினாலே இரும்பு. 1890-களில் மெரிட் சகோதரர்கள் அந்தத் தாதைக் கண்டு ரயில் போட்டார்கள். 1893-இன் பணநெருக்கடியில் ராக்ஃபெல்லரிடம் கடன்பட்டு எல்லாவற்றையும் இழந்தார்கள். இரண்டு உலகப் போர்களிலும் அமெரிக்கா வார்த்த எஃகில் பெரும்பங்கு இந்தத் துறை வழியாகப் போன தாதுதான். நல்ல தாது தீர்ந்துவரும் நேரத்தில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் என்ற பேராசிரியர் பல்லாண்டு முயன்று, டாகோனைட் என்ற மட்டமான பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, கொண்டைக்கடலை அளவில் உருண்டை பிடிக்கும் முறையை உருவாக்கினார். அந்த உருண்டைகள் தண்டவாள ஓரங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தேன். கோலிக்குண்டைவிடச் சின்னது, ஆனாலும் கனம். உள்ளங்கையில் செம்பழுப்புப் பொடி ஒட்டியது.

மேற்கு டுலூத்தில் தாது ஏற்றும் மேடை ஒன்று 2,304 அடி நீளத்துக்கு நீருக்குள் நீண்டு நிற்கிறது. ரயில் அதன் தலையில் ஏறித் தாதைக் கொட்டுகிறது. கப்பல் அடியில் நின்று வாங்கிக்கொள்கிறது. ஒரு கப்பலுக்கு 60,000 டன்னுக்கு மேல். இறக்கும் இடத்தில் பாரந்தூக்கிகூடத் தேவையில்லை. கப்பலுக்குள்ளேயே ஓடும் பட்டை சரக்கை மேலே கொண்டுவந்து, நீண்ட கைபோன்ற சட்டத்தின் வழியாகக் கரையில் கொட்டிவிடும். தலைச்சுமையாக மூட்டை எண்ணிய காலத்து டேலி கிளார்க்கின் மகன் இதைப் பார்த்து என்ன சொல்ல? அப்பா இருந்திருந்தால், "அப்ப எண்ணுறதுக்கு ஆளே வேண்டாமால?" என்று கேட்டிருப்பார்.

பேரேரிகளிலேயே ஓடும் கப்பல்களை 'லேக்கர்' என்கிறார்கள், ஏரிக்கப்பல். கடலிலிருந்து வருபவை 'சால்ட்டி', உப்புக் கப்பல். நான் தேடிய உப்பு முதலில் கிடைத்தது இந்தப் பெயரில்தான். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்தபின், அந்த மே மாதமே முதல் கடற்கப்பல் இங்கே வந்துவிட்டது. கடலிலிருந்து வருகிற கப்பல் பதினாறு நீர்ப்பூட்டுகளில் ஒவ்வொன்றாக ஏறி, 183 மீட்டர் உயரத்துக்கு வரவேண்டும். கப்பல் மலையேறி வருகிறது என்றால் மிகையில்லை. ஆனால் ஆயிரம் அடிக் கப்பல்கள் அந்தப் பூட்டுகளில் நுழையாது. அவை பிறந்த ஏரிகளிலேயே உழைத்து, அங்கேயே முடிந்துபோகும். கடலையே பார்க்காத கப்பல்கள்!

கடலைப் பார்க்காததால் அவற்றுக்கு ஆயுள் அதிகம். உப்பு நீரில் ஓடும் சரக்குக் கப்பலுக்கு இருபத்தைந்து, முப்பது வயதானாலே உடைக்க அனுப்பிவிடுகிறார்கள். உப்பில்லாத நீரில் துரு மெதுவாகத்தான் தின்கிறது. ஆர்தர் எம். ஆண்டர்சன் என்ற ஏரிக்கப்பல் 1952-இல் நீரில் இறங்கியது, எழுபது வயது கடந்தும் ஓடியது. கரையில் அருங்காட்சியகமாகக் கட்டி வைத்திருக்கும் வில்லியம் ஏ. இர்வின் 1938 முதல் 1978 வரை தாது சுமந்த கப்பல், 610 அடி. உள்ளே போனால் இயந்திர அறைப் பித்தளைகள் நேற்றுத் துடைத்ததுபோல மின்னுகின்றன. இதையெல்லாம் கேட்டு, உப்பு இல்லாததும் வரம்தான் என்று நினைத்தேன். அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 1990-களின் கடைசியில், இந்தத் துறைமுகத்தின் நீருக்கடி இரும்புச் சுவர்கள் விசித்திர வேகத்தில் குழிகுழியாக அரித்துப்போவதைக் கண்டுபிடித்தார்கள். இரும்பைத் தின்று வாழும் நுண்ணுயிர்களுக்கு அதில் பங்கு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. துரு எங்கே போனாலும் வழி கண்டுபிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

*

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். இந்த ஊரையும் உலகம் ஒன்றிரண்டு தடவை குப்பையில் போடப் பார்த்திருக்கிறது. 1871-இல் கென்டக்கிக்காரரான பிராக்டர் நாட் என்ற உறுப்பினர், வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஊருக்கு ரயில் எதற்கு என்று டுலூத்தைக் கேலி செய்து நாடாளுமன்றத்தில் பேசினார். அவை விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டே ஆண்டில், ஊருக்குப் பணம் போட்ட ஜே குக்கின் வங்கி திவாலானது. ஊர் காலியாகி, 1877-இல் நகர அந்தஸ்தே போனது. தானியமும் மரமும் இரும்பும் பிறகு தூக்கிவிட்டன. கேலி பேசிய ஆசாமி மேல் இவர்களுக்குக் கோபம் இல்லை. பக்கத்தில் எழுந்த ரயில்வே ஊருக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பிராக்டர் என்ற அந்த ஊர் இன்றும் இருக்கிறது. 1960-இல் டுலூத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தது. அதன்பின் எஃகு ஆலை மூடியது, தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் போயின. இன்று மருத்துவமனைகளும் கல்லூரிகளும் எங்களைப்போன்ற ஊர்சுற்றிகளும் சேர்ந்து ஊரை நடத்துகிறோம். நெடுஞ்சாலைக்காகக் குடைந்தெடுத்த பாறையைக் கரையில் கொட்டி அதன்மேல் போட்ட ஏரிக்கரை நடைபாதைதான் இப்போது ஊரின் பெருமை. காலையில் நடந்தால் மைல் கணக்கில் நடக்கலாம். கூழாங்கல் கரையில் குனிந்தபடி செந்நிறக் கோடு போட்ட அகேட் கற்களைத் தேடுகிறவர்கள் எந்நேரமும் தென்படுவார்கள்.

அழகான அந்தக் கால்வாய் வாசலில் நடந்த சாவுகளையும் இங்கே மறக்கவில்லை. 1905 நவம்பர் 28. புயலில் திரும்பி வந்த மட்டாஃபா என்ற தாதுக்கப்பல், கால்வாய் வாயில் கரைச்சுவரில் மோதித் திரும்பி, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உடைந்து நின்றது. ஆயிரக்கணக்கானவர்கள் கரையில் நெருப்பு மூட்டி இரவெல்லாம் காத்திருந்தார்கள். படகு இறக்க முடியவில்லை. விடிந்தபோது பின்பகுதியில் இருந்த ஒன்பது பேர் குளிரில் விறைத்து இறந்திருந்தார்கள். அந்தப் புயலுக்குப் பிறகுதான் வடகரைப் பாறை உச்சியில் ஸ்ப்ளிட் ராக் கலங்கரை விளக்கம் 1910-இல் எழுந்தது. கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இந்தக் காட்சியைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கரையில் காத்து நிற்கும் கூட்டம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் நிற்கும்.

அதே ஊரில் இன்னொரு கூட்டமும் கூடியது. 1920 ஜூன் 15. சர்க்கஸோடு வந்த கறுப்பினத் தொழிலாளிகள் சிலர்மேல், ஒரு வெள்ளையினப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்ப் பழி விழுந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சிறையை உடைத்து, எலியாஸ் கிளேட்டன், எல்மர் ஜாக்சன், ஐசக் மெக்கீ ஆகிய மூவரை இழுத்துவந்து தெருமுனை விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். அந்தப் பெண்ணைப் பரிசோதித்த மருத்துவர், வன்முறைக்குத் தடயமே இல்லை என்றார். பல பத்தாண்டுகள் ஊர் அதைப் பேசவே இல்லை. 2003-இல்தான் அதே தெருமுனையில் நினைவிடம் எழுப்பினார்கள். சுவரிலிருந்து வெளியே வருவதுபோல மூன்று வெண்கல உருவங்கள். சுற்றுலாக் கூட்டம் இங்கே அதிகம் வருவதில்லை. நாங்கள் நின்றபோது ஒருவர் நாயோடு கடந்துபோனார். உருவங்களின் முன் நாயை நிறுத்தி, தொப்பியைக் கழற்றிவிட்டு நடந்தார். ஒன்றுமே பேசாமல் காருக்குத் திரும்பினோம்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1908-இல் கட்டி முடித்த கிளென்ஷீன் மாளிகையில் 39 அறைகள். தாதில் பணம் பார்த்த ஒரு வழக்கறிஞரின் வீடு. அரை வீடு பார்ப்பதற்குள் கால் கடுத்துவிடும். பாப் டிலன் 1941-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பம் ஹிப்பிங் போய்விட்டாலும் ஊர் அவரை விடுவதாயில்லை. நார்வேயிலிருந்து வந்து மேசை நாற்காலி விற்றுப் பணக்காரரான பெர்ட் எங்கரின் பெயரில் மலைமேல் ஒரு கல்கோபுரம். 1939-இல் நார்வே பட்டத்து இளவரசரே வந்து திறந்துவைத்தார். கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜப்பானியக் கோவில் மணி தொங்குகிறது. போர் முடிந்தபோது யு.எஸ்.எஸ். டுலூத் கப்பலின் மாலுமிகள் ஜப்பானிலிருந்து ஒரு கோவில் மணியை எடுத்துவந்து ஊருக்குக் கொடுத்தார்கள். 1954-இல் ஊர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. நன்றியாக அந்த ஜப்பானிய ஊர் பின்னாளில் அனுப்பிய பிரதிதான் இது. தொங்கும் மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டினேன். மணியோசை கீழே துறைமுகம்வரை உருண்டு போனது.

ஹாக் ரிட்ஜ் என்ற குன்றுக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். வடக்கே கனடாவிலிருந்து தெற்கே போகிற பருந்துகளும் வல்லூறுகளும் ஏரியைக் குறுக்கே கடக்க விரும்புவதில்லை. குளிர்ந்த நீரின்மேல் சூடான காற்று எழும்பாது, எழும்பாவிட்டால் இறக்கை அடித்தே போகவேண்டும். அதனால் எல்லாம் கரையை ஒட்டி வந்து ஏரியின் மூக்கான டுலூத்தில் குவிகின்றன. 2003-இல் ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அகலச்சிறகுப் பருந்துகளை எண்ணினார்களாம். நாங்கள் போன காலையில் நூறு நூற்றைம்பது இருக்கும். கொதிக்கும் பானையில் பருக்கை சுழல்வதுபோல ஆகாயத்தில் சுழன்று மேலேறி, உச்சியிலிருந்து தெற்கே சறுக்கிப் போயின. கப்பலுக்கு இந்த ஊர் ஏரியின் முடிவு. பறவைக்கோ சுற்றிக்கொண்டு போகவேண்டிய முனை.

*

இரண்டாம் நாள் மதியம், வடகரைச் சாலையில் ஒரு சிறிய கடையில் புகைபோட்ட மீன் வாங்கினோம். ஏரியில் பிடித்த வெள்ளைமீனை உப்புநீரில் ஊறவைத்து, மேப்பிள் விறகுப் புகையில் மணிக்கணக்கில் வாட்டுகிறார்கள். தாளைப் பிரித்ததும் தங்கநிறத் தோல் தானாகக் கழன்றது. உள்ளே வெள்ளைச் சதை. ஒரு வாய் வைத்தேன். உப்பு!

"சித்தப்பா, கெடச்சிருச்சா?" என்றாள்.

கூடவே காட்டரிசிச் சூப். ஒஜிப்வே மக்கள் 'மனோமின்' என்று சொல்லும் இது நம் நெல் இனமில்லை, நீரில் தானாக வளரும் வேறொரு புல். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் சிறு படகில் போய், ஒரு கோலால் கதிரை வளைத்து இன்னொரு கோலால் தட்டினால் மணி படகுக்குள் உதிரும். நீரின்மேல் உணவு விளையும் இடத்துக்குப் போங்கள் என்ற வாக்கைக் கேட்டுத்தான் தங்கள் முன்னோர் கிழக்கிலிருந்து இங்கே வந்தார்கள் என்பது அவர்கள் மரபு. கறுத்து நீண்ட அரிசி, மென்றால் லேசாக மண்வாசம்.

கடைக்காரம்மா இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தார். ஊருக்குக் குடிநீரே ஏரிதான் என்று அவர் சொன்னபோது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். தூத்துக்குடியில் கண் போகும் தூரத்துக்குத் தண்ணீர் இருந்தும், குடிக்கத் தாமிரவருணியிலிருந்து குழாய் வரவேண்டும். குடத்தை வரிசையில் வைத்து, இடம்பிடிக்கக் கல்லும் வைத்து வளர்ந்த தலைமுறை நாங்கள். கப்பல் நிற்கும் நீரையே குடிக்கிறார்கள் என்பதை நான் ஊருக்குப் போய்ச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

திரும்பும் வழியில் துறைமுகத்து உட்சாலையில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய நீண்ட மேடு. ஓரத்தில் பாய் விலகிய இடத்தில் அழுக்கு வெள்ளை. உப்பளத்துக்காரன் கண் ஏமாறுமா? அதே அம்பாரம்தான். எங்கள் ஊரில் பனையோலை போர்த்தியிருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். குளிர்காலத்தில் சாலையில் உறையும் பனியை உருக்க டன் டன்னாக உப்புத் தூவுகிறார்கள். அது கப்பலில் வந்து இறங்குகிறது. ஹூரான் ஏரிக்கு அடியிலேயே பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறதாம். நன்னீருக்கு அடியில் தோண்டிய உப்பு, நன்னீர் வழியாக வந்து, நன்னீர்த் துறைமுகத்தில் இறங்குகிறது. சாலையில் தூவியதில் ஒரு பங்கு பனி உருகும்போது ஓடைகள் வழியாக ஏரியிலேயே கலக்கிறது. 191 வருடக் கணக்கு நினைவுக்கு வந்தது.

உப்புக்கு இங்கே இன்னொரு வேலையும் உண்டு. வெறும் கப்பல் தள்ளாடாமல் இருக்க அடித்தொட்டிகளில் நீர் நிரப்பி வருவார்கள். அந்த நீரோடு வெளிநாட்டு மீனும் சிப்பியும் வந்து இறங்கி ஏரிகளைப் பாழாக்கின. ரஃப் என்ற ஐரோப்பிய மீன் 1980-களில் இந்தத் துறைமுகத்தில் தலைகாட்டியது அப்படித்தான். 2008 முதல், கடலிலிருந்து நீர்வழிக்குள் வரும் ஒவ்வொரு கப்பலும் நடுக்கடலிலேயே தொட்டிகளை உப்புநீரால் கழுவிவிட்டுத்தான் வரவேண்டும் என்று விதி. நன்னீரில் வாழும் உயிர்கள் உப்பில் தாங்காது. நல்ல தண்ணீருக்கு உப்புதான் காவல்.

*

அன்று இரவு கிளம்புமுன் மறுபடி கால்வாய்க் கரைக்குப் போனோம். முதல்நாள் நங்கூரம் போட்டிருந்த கப்பல் உள்ளே வந்து தானியம் ஏற்றிக்கொண்டு திரும்புகிறது என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். உப்புக் கப்பல். குளிரில் பத்துப் பேர்தான் இருந்தோம். மணி அடித்தது, பாலம் ஏறியது. விளக்கு வெளிச்சத்தில் கப்பல் கனத்து, தாழ்ந்து வந்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா ஒருநாள் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய், கப்பலின் விலாவில் போட்டிருந்த வட்டத்தையும் கோடுகளையும் காட்டினார். எஸ் என்று போட்டது கோடைக்காலக் கடல்நீர்க் கோடு. அதற்கு மேலே எஃப் என்று ஒன்று. நல்ல தண்ணீரில் கப்பல் அதுவரை முங்கலாம். "நல்ல தண்ணிக்குத் தாங்குற சக்தி கம்மி. உப்புத்தண்ணிதான் தூக்கிப் பிடிக்கும்" என்றார். தூத்துக்குடியில் ஒரு கப்பலும் நல்ல தண்ணீரில் நிற்காது, பிறகு எதற்கு அந்தக் கோடு என்று கேட்டேன். "எங்கயாவது நிக்கும்ல" என்றார். அவர் அப்படி ஓர் இடத்தைக் கண்டதில்லை.

எங்களைக் கடக்கும்போது அந்தக் கோடுகள் தெரிகின்றனவா என்று எட்டிப் பார்த்தேன். விளக்கு ஒருமுறை விலாவில் விழுந்து விலகியது. வெள்ளை வட்டம் ஒன்று தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு நீளம், இரண்டு குறுக்கம். பாலம் பதில் சொன்னது.

ஒரு வாரம்போல ஆகும். பதினாறு படியும் இறங்கி, கியூபெக்கைத் தாண்டி, ஆறு மெல்ல மெல்லக் கரிக்கத் தொடங்கும் இடத்தில், உள்ளே ஒரு மூட்டையும் குறையாமலே அந்தக் கப்பல் தண்ணீரைவிட்டு ஒரு சாண் மேலே வந்திருக்கும்.